தென்னாப்பிரிக்காவில் பெண்கள் உடல்நலம்: மருந்துக்கடைக் கவுண்டரில் கேட்ட கேள்விகள்

டர்பனுக்கு மருமகளாக வந்து எனக்குப் பத்தொன்பது வருடம் ஆகிறது. அதில் பதினாறு வருடம் இந்த ஊரின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு மருந்துக்கடையில் வேலை. நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. சீட்டை வாங்கி, மாத்திரையை எண்ணி, கவரில் போட்டுக் கொடுப்பவள். ஆனால் டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படுவதையெல்லாம் பெண்கள் கவுண்டரில் குனிந்து என்னிடம் கேட்டுவிடுவார்கள். தமிழ் தெரிந்தவள் என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே குனிவார்கள். இப்போது ஜோஹானஸ்பர்க்குக்கு வேலைக்கு வரும் குடும்பத்துப் பெண்களும் வாட்ஸாப்பில் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

மொத்தத்தில் இந்த நாட்டில் பெண்களின் உடல்நலம் நன்றாக இருக்கிறதா, இல்லையா?

இருபது வருடத்துக்கு முன்பு கேட்டிருந்தால் "இல்லை" என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பேன். 2000களின் நடுவில் இங்கே ஒரு பெண்ணின் சராசரி ஆயுள் ஐம்பதுகளின் நடுவில் நின்றது. எய்ட்ஸ் இளம் பெண்களை அள்ளிக்கொண்டு போன காலம் அது. 2024இல் நாட்டின் புள்ளியியல் துறை கொடுத்த கணக்குப்படி பெண்களுக்கு 69.2 வயது, ஆண்களுக்கு 63.6. இவ்வளவு குறுகிய காலத்தில் இவ்வளவு ஏறியதற்கு முதல் காரணம் எச்ஐவி மாத்திரைதான்.

இங்கே புதிதாக வருபவர்கள் குழம்புவது வேறு இடத்தில். இது ஒரு நாடு, இரண்டு வைத்தியம். நூற்றில் பதினைந்து, பதினாறு பேருக்கு மெடிக்கல் எய்டு என்ற தனியார் காப்பீடு உண்டு. அவர்கள் போகும் மருத்துவமனை சென்னையின் பெரிய தனியார் மருத்துவமனை போலவே இருக்கும். மீதி எண்பத்து நான்கு பேரும் அரசு கிளினிக் பெஞ்சில். சட்டத்தைப் படித்துப் பார்த்தால் பெண்களுக்கு இவ்வளவு எழுதி வைத்த நாடுகள் குறைவு. எழுதி வைத்ததைப் போய் வாங்குவதற்குத்தான் காலை ஐந்து மணிக்கே வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது.

எச்ஐவி நம்மவர்களுக்கு வருவதில்லை என்கிறார்களே?

வரும். எண்ணிக்கையில் இந்திய வம்சாவளியினரிடையே குறைவு, அவ்வளவுதான். 2022இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் நாட்டில் 78 லட்சம் பேர் எச்ஐவியுடன் வாழ்வதாகத் தெரிந்தது. மக்கள்தொகையில் 12.7 சதவீதம். பெண்களிடம் ஆண்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. நாம் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணம் பட்டியலில் மேலே இருக்கிறது. உடல் அமைப்பு ஒரு காரணம். பணமும் வயதும் மிகுந்த ஆண்களோடு சின்னப் பெண்கள் பழக நேர்வது இன்னொரு காரணம். ஆணுறை போடச் சொல்லும் துணிச்சல் எல்லாப் பெண்ணுக்கும் இருப்பதில்லை, மனைவிக்குக்கூட.

மனைவிக்குக்கூட என்று சொன்னேன், அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு நாள் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அக்கா, கழுத்தில் தாலிக்கொடி, நெற்றியில் திருநீறு, கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்தார். வீட்டிலேயே சோதிக்கும் எச்ஐவி கிட்டை ஷாம்பு பாட்டிலுக்குப் பின்னால் மறைத்துப் பிடித்தபடி நீட்டினார். "எனக்கு இல்லைம்மா, எதிர்வீட்டுப் பிள்ளைக்கு" என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை. எப்படிச் செய்வது என்று மட்டும் இரண்டு முறை சொல்லிக் கொடுத்தேன். உங்களுக்கும் அதேதான் சொல்வேன்: அரசு கிளினிக்கில் சோதனை இலவசம், யாருக்கும் சொல்ல மாட்டார்கள், இருந்தால் ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. மாத்திரையை விடாமல் எடுத்து, ரத்தத்தில் கிருமி அளக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு மூலம் அடுத்தவருக்குப் பரவாது.

கர்ப்பிணிகளுக்கு முதல் வருகையிலேயே சோதனை செய்வார்கள், பிறகும் செய்வார்கள். கோபப்படாதீர்கள். ஒரு காலத்தில் சிகிச்சை இல்லாத தாய்மார்களின் குழந்தைகளில் நான்கில் ஒன்றுக்காவது கிருமி தொற்றியது. அதைத் தடுக்கும் மருந்தை அரசு தரத் தயங்கியபோது சிகிச்சைக்காகப் போராடிய அமைப்பினர் வழக்குப் போட்டு, 2002இல் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார்கள். இன்று அந்த விகிதம் ஐந்து சதவீதத்துக்கும் கீழே.

தடுப்பிலும் டர்பனுக்குப் பங்கு உண்டு. இங்கே கேப்ரிசா என்ற ஆய்வு மையத்தில் பேராசிரியர் கொரைஷா அப்துல் கரீமும் அவர் கணவரும் நடத்திய ஆய்வுதான், பெண்ணே தன் கையால் போட்டுக்கொள்ளும் ஜெல் தொற்றை 39 சதவீதம் குறைக்கும் என்று 2010இல் காட்டியது. ஆணின் சம்மதம் தேவைப்படாத ஒரு தடுப்பு! கொரைஷா அம்மா பிறந்தது டர்பனுக்குப் பக்கத்தில் நம்ம டொங்காட். எச்ஐவி தொற்றாமல் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசியைத் தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இளம் பெண்களிடம் சோதித்த முடிவு 2024இல் வந்தது. ஊசி போட்ட 2,134 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை.

பிரசவத்துக்குப் பணம் கேட்பார்களா? எனக்கு விசாதான் இருக்கிறது.

1994இல் மண்டேலா பதவிக்கு வந்ததும் செய்த முதல் காரியங்களில் ஒன்று, கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எல்லோருக்கும் அரசு வைத்தியம் இலவசம் என்றது. பின்னால் வந்த தேசிய சுகாதாரச் சட்டத்திலும் அது இருக்கிறது, மெடிக்கல் எய்டு வைத்திருப்பவர்களைத் தவிர. வெளிநாட்டுப் பெண்களுக்கும் இது பொருந்தும் என்று 2023இல் ஜோஹானஸ்பர்க் உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் 2025இல் சில கும்பல்கள் கிளினிக் வாசலில் நின்று அடையாள அட்டை கேட்டு, வெளிநாட்டவரைத் திருப்பி அனுப்பினார்கள். டர்பனிலும் நடந்தது. கேட்டில் நிற்பவருக்குச் சட்டம் தெரியாமல் இருக்கலாம். உள்ளே இருக்கும் பொறுப்பு சிஸ்டரைக் கேளுங்கள். (இங்கே நர்ஸை "சிஸ்டர்" என்றுதான் கூப்பிட வேண்டும். "நர்ஸ்" என்று கூப்பிட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள்.)

இருபது வாரத்துக்குள் முதல் தடவை போய்ப் பதிந்துவிடுங்கள். மொத்தம் எட்டுத் தடவை வரச் சொல்வார்கள். மாம்கனெக்ட் என்று ஒரு இலவசச் செய்திச் சேவையும் உண்டு. 2014இல் தொடங்கியது. வாரத்துக்கு வாரம் போனுக்குக் குறிப்பு வரும், பதினொரு மொழிகளில். தமிழ் அதில் இல்லை.

பிரசவத்தில் தாய் இறப்பது இங்கே அதிகமா?

நாடு இருக்கும் வசதிக்கு அதிகம்தான். மருத்துவமனைகளில் உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 2009 வாக்கில் 180 தாய்மார்களுக்கு மேல் இறந்தார்கள். 2019இல் அது நூறை ஒட்டி வந்தது. கோவிட் வந்து மறுபடி ஏற்றிவிட்டது. இந்த நாட்டில் எனக்குப் பிடித்த ஒரு வழக்கம், ஒவ்வொரு தாயின் மரணத்தையும் 1990களின் கடைசியிலிருந்து ஒரு தேசியக் குழு தனித்தனியாக ஆராய்கிறது. எங்கே தவறியது, எந்தக் கட்டத்தில் காப்பாற்றியிருக்கலாம் என்று எழுதுகிறார்கள். யாரையும் மாட்டிவிட இல்லை, அதனால் பெயர் போடுவதில்லை. மூன்று காரணங்கள் மாறி மாறி மேலே வருகின்றன: எச்ஐவி, காசநோய் போன்ற தொற்றுகள் ஒன்று, ரத்தப்போக்கு இரண்டு, பிரஷர் மூன்று.

கடைசியில் சொன்னது நம் வீட்டுப் பெண்களுக்கு. கர்ப்ப காலத்தில் விடாத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்றில் வலி, முகம் திடீரென்று வீங்குவது, இதில் எது வந்தாலும் "கர்ப்பம் என்றால் அப்படித்தான்" என்று சொல்லும் பெரியவர்களைக் கேட்காமல் அன்றைக்கே போங்கள்.

சரி, நம் தமிழ்ப் பெண்களுக்கு உண்மையான எதிரி எது?

சுகர். கரும்புத் தோட்டத்தில் வேலை செய்ய 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களின் கொள்ளுப் பேத்திகளுக்கு இந்த வியாதி. இந்த நாட்டில் எந்த இனத்தை எடுத்தாலும் இந்தியர்களிடம்தான் நீரிழிவு அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. நாடு முழுவதற்கும் பார்த்தாலும் நிலைமை மோசம். 2016இல் பெண்களின் மரணத்துக்கு முதல் காரணமாகப் பதிவானது நீரிழிவு. அதே ஆண்டுக் கணக்கெடுப்பில் பெண்களில் 68 சதவீதம் பேர் அளவுக்கு மீறிய எடை, ஆண்களில் 31. பிரஷர் உள்ள பெண்கள் 46 சதவீதம்.

புள்ளிவிவரத்தைத் தள்ளுங்கள். என் அத்தை (மாமியார்) மாத்திரையை இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவில் வைத்திருந்தார். முதல் தடவை அதைத் திறந்து பார்த்தபோது, கிளினிக்கில் கொடுத்த மெட்ஃபார்மின் நான்கு மாதத்து ஸ்டாக் அப்படியே இருந்தது. "ஏன் அத்தை போடலை?" என்றேன். "அது போட்டா வயித்தைக் கலக்குது. அதான் மாமாவோட சின்ன மாத்திரையைப் பாதி உடைச்சுப் போட்டுக்கறேன்" என்றார். மாமாவுடையது பிரஷர் மாத்திரை! சாட்ஸ்வர்த்தில் பாதி வீட்டில் இந்த டப்பா இருக்கிறது. அண்டை வீட்டாரோடு உப்பு கடன் வாங்குவது போல மாத்திரை கடன் வாங்குகிறார்கள். மெட்ஃபார்மின் வயிற்றைக் கலக்கினால் சாப்பாட்டோடு போட வேண்டும், குறைந்த அளவில் தொடங்க வேண்டும், அல்லது மெதுவாகக் கரையும் வகையைக் கேட்க வேண்டும். இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். கிளினிக்கில் அந்த இரண்டு நிமிடம் கிடைப்பதில்லை.

அப்புறம் சாப்பாடு. வாரநாளில் ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும், ஞாயிறு பிரியாணி, கல்யாணம் என்றால் மறுபடி பிரியாணி, நடுவில் வெள்ளை ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் கறி ஊற்றிய பன்னி சாவ். ஆடி மாதம் மாரியம்மனுக்கு ஊற்றும் கூழுக்குக்கூட மேலே வெள்ளைச் சர்க்கரை தூவுபவர்களைப் பார்த்திருக்கிறேன். டீயில் மூன்று ஸ்பூன் போடாமல் கொடுத்தால் மதிக்கவில்லை என்று பேச்சு. அரசு தன் பங்குக்கு 2016இலிருந்து ரொட்டி, சிப்ஸ் போன்றவற்றில் உப்புக்கு உச்சவரம்பு வைத்தது. 2018 ஏப்ரலில் சர்க்கரைப் பானங்களுக்கு வரி போட்டது. சமையலறைக்குள் எந்த அரசும் வர முடியாது.

நாற்பது வயதுக்கு மேல், அல்லது அம்மா, அப்பாவுக்குச் சுகர் இருந்தால் அதற்கு முன்பே, வருடம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் நம் இனத்துப் பெண்களுக்கு அது எச்சரிக்கை. கர்ப்பமாக இருந்தால் 24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரைச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். அப்போது சுகர் வந்து பிரசவத்துக்குப் பின் போய்விட்டது என்றாலும், ஆறு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அதை யாரும் பார்ப்பதில்லை, குழந்தையைப் பார்க்கவே நேரம் சரியாக இருக்கும்.

சுகர், பிரஷருக்கு மாதாமாதம் கிளினிக் வரிசை தேவையில்லை. நிலையாக இருப்பவர்களின் மருந்தை வீட்டுக்குப் பக்கத்துக் கடையிலேயே வாங்கிக்கொள்ள 2014இலிருந்து ஏற்பாடு இருக்கிறது. சிஸ்டரிடம் கேட்டால் பெயரைச் சேர்ப்பார்கள். கேட்கவில்லை என்றால் பல இடங்களில் சொல்ல மாட்டார்கள்.

ஸ்மியர் எதற்கு? எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே.

ஸ்மியர் என்றால் கருப்பை வாயிலிருந்து கொஞ்சம் செல்களை எடுத்துப் புற்றுநோய்க்கான அறிகுறி இருக்கிறதா என்று பார்ப்பது. தொந்தரவு வந்த பிறகு வந்தால் தாமதம், அதற்காகத்தான். கருப்பை வாய்ப் புற்றுநோய் இங்கே பெண்களைக் கொல்லும் புற்றுநோய்களில் முதலிடம். ஆண்டுக்கு ஐயாயிரத்துக்கு மேல் மரணம். 2000இலிருந்தே அரசு சட்டம் போல் ஒரு கொள்கை வைத்திருக்கிறது: முப்பது வயதில் ஒன்று, நாற்பதில் ஒன்று, ஐம்பதில் ஒன்று, மூன்றும் இலவசம். எச்ஐவி உள்ளவர்களுக்கு இன்னும் அடிக்கடி.

நம் பெண்கள் வராததற்குக் காரணம் வலி இல்லை, வெட்கம். என்னோடு வேலை செய்த பெண் ஒருத்தி, நாற்பத்தெட்டு வயது, மூன்று பிள்ளை பெற்றவள், "அங்கே ஒரு ஆம்பளை டாக்டர் இருந்தா?" என்று வருடக்கணக்கில் தள்ளினாள். நான் கூடப் போனேன். சிஸ்டர் ஒரு பெண்மணி, திரையை இழுத்துவிட்டார், இரண்டு நிமிடத்தில் முடிந்தது. வெளியே வந்தவள் "இவ்வளவுதானா?" என்றாள். முடிவு வர ஆறு வாரம் ஆனது, அது வேறு கதை. ரிசல்ட் வரவில்லை என்றால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை, போய்க் கேளுங்கள்.

பெண் குழந்தைகளுக்கு, இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி கிருமிக்கான தடுப்பூசியை 2014இலிருந்து அரசுப் பள்ளிகளில் போடுகிறார்கள், ஒன்பது வயது முதல். பள்ளியிலிருந்து சம்மதப் படிவம் வரும். "இந்த வயதுப் பிள்ளைக்கு அந்த மாதிரி ஊசி எதற்கு" என்று கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பும் அம்மாக்களை எனக்குத் தெரியும். கையெழுத்துப் போடுங்கள்.

மார்பில் கட்டி மாதிரி தெரிகிறது. கிளினிக் போகவா, தனியார் டாக்டரா?

இன்றைக்கு எது கிடைக்கிறதோ அங்கே. கிளினிக் என்றால் பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் எழுதித் தருவார்கள். அந்தத் தேதி தள்ளிப் போகும், அதுதான் சிக்கல். இந்த மாகாணத்தில் கதிர்வீச்சு எந்திரமும் புற்றுநோய் டாக்டர்களும் போதாமல் நோயாளிகள் மாதக்கணக்கில் காத்திருந்ததை, உரிமை மீறல் என்றே மனித உரிமை ஆணையம் 2017இல் அறிக்கை கொடுத்தது. தேதி கொடுத்தால் சும்மா இருக்காதீர்கள், வாரம் ஒருமுறை போன் செய்து, யாராவது வராமல் இடம் காலியானதா என்று கேளுங்கள். எங்கள் உறவுக்காரப் பெண்ணுக்கு அப்படிக் கேட்டுத்தான் ஒரு மாதம் முன்னதாக இடம் கிடைத்தது.

கருக்கலைப்பு சட்டப்படி சரியா?

சரி. 1997 பிப்ரவரியிலிருந்து. பன்னிரண்டு வாரம் வரை பெண் கேட்டால் போதும். கணவர், பெற்றோர் சம்மதம் தேவையில்லை, சிறுமியாக இருந்தாலும். 13 முதல் 20 வாரம் வரை சில காரணங்களுக்கு. பன்னிரண்டு வாரம் வரை என்றால் பயிற்சி பெற்ற சிஸ்டரே செய்யலாம். இந்தச் சட்டம் வந்த சில வருடங்களில் முறையற்ற கருக்கலைப்பால் இறப்பது 91 சதவீதம் குறைந்தது. ஆனாலும் மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும் "வலியில்லாமல், அன்றைக்கே" சீட்டுகளைப் பார்த்துப் போகிறார்கள். அனுமதி இருந்தும் பல அரசு மருத்துவமனைகளில் இதைச் செய்யாததும் அதற்கு ஒரு காரணம். அந்தச் சீட்டில் இருப்பவர்கள் டாக்டர்கள் இல்லை. சரியா தவறா என்பது உங்கள் மனசாட்சி, நான் அதற்குள் வரவில்லை.

வீட்டில் அடி. இதை யாரிடம் சொல்வது?

0800 428 428. இலவசம், இருபத்து நான்கு மணி நேரம். இது உடல்நலக் கேள்வியா என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். 2016 கணக்கெடுப்பில் துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் அந்தத் துணையிடமே அடி வாங்கியிருக்கிறார். காதுக்குப் பின்னால் கன்னிப்போனதற்குக் களிம்பு கேட்டு வருபவர்களுக்குக் கவரைக் கட்டிக் கொடுப்பது நான்தானே.

நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்டு மனு கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை. பலாத்காரம் என்றால் துதுஜெலா மையத்துக்குப் போங்கள். கோசா மொழியில் "ஆறுதல்" என்று பொருள். போலீஸ், டாக்டர், ஆலோசகர் எல்லோரும் ஒரே இடத்தில். சாட்ஸ்வர்த் ஆர்.கே.கான் மருத்துவமனையிலும் ஃபீனிக்ஸ் மகாத்மா காந்தி மருத்துவமனையிலும் இருக்கிறது. குளிக்காமல், உடையை மாற்றாமல், 72 மணி நேரத்துக்குள். அதற்குள் போனால்தான் எச்ஐவி தடுப்பு மருந்து வேலை செய்யும். சீக்கிரம் போகப் போக நல்லது.

மெடிக்கல் எய்டு எடுத்துவிட்டுக் கர்ப்பமாகலாமா?

வரிசை அதுதான். கர்ப்பமான பிறகு சேர்ந்தால் பன்னிரண்டு மாதம் வரை அந்தப் பிரசவச் செலவைத் தர மறுக்கலாம். முதல் மூன்று மாதம் பொதுவாகவே எதுவும் தராமல் இருக்கலாம். முப்பத்தைந்து வயதுக்கு மேல் முதன்முறை சேர்ந்தால் தாமதக் கட்டணமும் சேரும், ஆயுள் முழுக்க.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு நான்கு மாதம் வரை பிரசவ விடுப்பு உண்டு. முதலாளி சம்பளம் தர வேண்டிய கட்டாயம் இல்லை. வேலையின்மைக் காப்பீட்டு நிதியிலிருந்து சம்பளத்தில் 66 சதவீதம், ஒரு உச்சவரம்புக்குள், கிடைக்கும். வீட்டுவேலை செய்யும் பெண்களுக்கும் இது உண்டு. உங்கள் வீட்டில் வேலை செய்பவரைப் பதிந்திருக்கிறீர்களா?

தேசிய காப்பீடு வந்தால் எல்லாம் மாறிவிடுமாமே?

எல்லோர் வைத்தியத்துக்கும் அரசு நிதியே பணம் கட்டும் அந்தச் சட்டத்தில் 2024 மே 15ஆம் தேதி அதிபர் கையெழுத்துப் போட்டார். உடனே வழக்குகள். நான் ஓய்வு பெறுவதற்குள் பார்ப்பேனா என்பது சந்தேகம்.

தமிழ் பேசும் லேடி டாக்டர் கிடைப்பார்களா?

தமிழ்ப் பெயருள்ள லேடி டாக்டர்கள் டர்பனில் தடுக்கி விழுந்தால் கிடைப்பார்கள். தமிழ் பேசுபவர்கள் குறைவு. இந்த வரிசையைத் தொடங்கியவர் டாக்டர் குணம். 1906இல் டர்பனில் பிறந்த தமிழ்ப் பெண், எடின்பர்க்கில் மருத்துவம் படித்துவிட்டு 1936இல் திரும்பியவர், இந்த நாட்டின் முதல் இந்தியப் பெண் டாக்டர். நிறவெறிச் சட்டங்களை எதிர்த்து 1946இல் சிறைக்கும் போனார். ஆண் டாக்டரிடம் காட்ட மாட்டேன் என்று வீட்டிலேயே கிடந்த பெண்களுக்கு அவர் வந்தது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

மொழி வராத பெரியவர்களைத் தனியாக அனுப்பாதீர்கள். பேத்தியை அனுப்பினாலும் போதாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு ஆயா தன் வெள்ளைப்படுதலைப் பற்றிச் சொல்ல மாட்டார். மகளோ மருமகளோ போக வேண்டும்.

கிளினிக் போகும்போது என்ன எடுத்துப் போக வேண்டும்?

அடையாள அட்டை அல்லது பாஸ்போர்ட், முகவரிக்கு ஏதாவது ஒரு பில், பழைய கிளினிக் கார்டு, குழந்தை என்றால் அதன் தடுப்பூசிப் புத்தகம். போட்டுக்கொண்டிருக்கும் எல்லா மாத்திரைகளும், அந்த ஐஸ்கிரீம் டப்பாவோடு அப்படியே. அத்தைக்கு நான் அதைத்தான் செய்தேன். சிஸ்டர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு ஒரு நிமிடம் பேசவில்லை. சுகர் உள்ளவர்கள் கையில் ஏதாவது சாப்பாடும் தண்ணீரும் வைத்துக்கொள்ளுங்கள், மதியம் தாண்டிவிடும். ஜூன், ஜூலை இங்கே குளிர்காலம், ஒரு சால்வையும். பெஞ்சு சிமெண்ட்.